நாடிப் படிவும் நிர்ப்பீடன வாங்கியும்: சுண்டெலி சொன்னது எவ்வளவு, நாம் கேட்டது எவ்வளவு?

கேள்வி | 3 பெப்ரவரி, காலை 7.15

"ஒரு நிர்ப்பீடன வாங்கியை நீக்கிய சுண்டெலிகளில் இரத்தக் கொலஸ்திரோல் அப்படியே இருக்க, நாடிப் படிவு மட்டும் குறைந்ததாக வாசித்தேன். அப்படியாயின் குற்றவாளி கொலஸ்திரோல் அல்ல, நிர்ப்பீடனத் தொகுதியே. என் தகப்பனார் பதினொரு வருடமாகக் கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசை எடுக்கிறார். அது வீண்தானே? கொக்குவிலில் இருந்து கேட்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்."

3 பெப்ரவரி, இரவு 9.40

தம்பியின் கேள்வியில் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. ஏன் வராது என்பதற்கு, அது எப்படிப்பட்ட சுண்டெலி என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரணச் சுண்டெலியை அதன் வழக்கமான உணவில் வளர்த்தால் நாடிப் படிவு, அதாவது நாடிக் குழாயின் சுவரில் கொழுப்புத் தேங்குவது, வருவதில்லை. அதன் கொலஸ்திரோலின் பெரும்பகுதி "நல்ல கொலஸ்திரோல்" எனப்படும் எச்.டி.எல். துணிக்கைகளிலேயே பயணம் செய்கிறது. மொத்த அளவும் டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழேயே நிற்கும். ஆகவே 1992 இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் மற்றது வட கரோலினாவிலும், அபோலிப்போபுரதம்-ஈ என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை (சுருக்கமாக அபோ-ஈ எலிகள்) உருவாக்கின. கொழுப்புத் துணிக்கைகளை ஈரல் பிடித்து உள்ளே எடுப்பதற்கு அந்தப் புரதம்தான் கைபிடி. கைபிடி இல்லாத துணிக்கைகள் இரத்தத்திலேயே தேங்க, சாதாரண உணவிலேயே கொலஸ்திரோல் 500 ஐ அண்மித்துவிடும். அடுத்த வருடம், "கெட்ட கொலஸ்திரோல்" எனப்படும் எல்.டி.எல். துணிக்கைகளைப் பிடிக்கும் எல்.டி.எல். வாங்கியே இல்லாத சுண்டெலியும் வந்தது. நாடிப் படிவைப் பற்றிய எலி ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் நடந்திருக்கின்றன.

இவற்றின் மேல்தான் 2004 இல் இரண்டு குழுக்கள் நிர்ப்பீடன வழியைத் துண்டித்துப் பார்த்தன. பற்றீரியாவை உணரும் புரதமான ரி.எல்.ஆர். 4 என்னும் வாங்கி இல்லாத அபோ-ஈ எலிகளில் படிவு குறைந்தது. அந்த வாங்கி உட்பட அதன் குடும்பத்தின் பெரும்பகுதி தன் செய்தியை உள்ளே அனுப்பப் பயன்படுத்தும் மைடி-88 என்னும் புரதத்தை நீக்கியபோதும் குறைந்தது. இரண்டிலும் கொலஸ்திரோல் குறையவில்லை. தம்பி வாசித்த செய்தியின் ஊற்று இங்கேதான் இருக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். கொலஸ்திரோலை ஐந்து மடங்குக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. ஏற்றாமல் கேட்டிருந்தால், வாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பதற்குப் படிவே இருந்திராது. இரத்தத்திலிருந்து சுவருக்குள் வரும் தின்குழியங்களில் இருக்கும் வாங்கி, அங்கே தேங்கிய கொழுப்பைக் கண்டு கூச்சலிடுகிறது. வாங்கி இல்லாவிட்டால் கூச்சல் குறைகிறது. கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது.

4 பெப்ரவரி, காலை 6.50

மதுரையிலிருந்து ஒரு நண்பர், "நிர்ப்பீடன வங்கி என்றால் இரத்த வங்கி போன்றதா?" என்று தனிமடலில் கேட்டிருக்கிறார். வங்கி அல்ல, வாங்கி. செய்தியை வாங்குவது, தமிழகத்தில் ஏற்பி என்பார்கள். அதேபோல் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய் எங்களுக்கு நாடி, அவர்களுக்குத் தமனி. திரும்பக் கொண்டுவருவது எங்களுக்கு நாளம், அவர்களுக்குச் சிரை. நிர்ப்பீடனம் அவர்களுக்கு நோயெதிர்ப்பு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இங்கே யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊரில் இருந்துகொண்டு, இந்தச் சொற்களுக்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பரியாரியார் கை பிடித்துப் பார்க்கும் நாடியும் இந்த நாடியின் துடிப்புத்தான்.

4 பெப்ரவரி, இரவு 10.05

வாங்கியின் வரலாற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழ ஈயின் முட்டைக்குள் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கும் பரம்பரையலகு ஒன்றுக்கு ஜேர்மன் மொழியில் "டோல்" என்று பெயரிட்டிருந்தார்கள். 1996 இல் பிரான்ஸில் ஜூல் ஹொஃப்மனின் ஆய்வுகூடம், அது பழுதான வளர்ந்த ஈக்கள் பங்கசுத் தொற்றினால் இறந்துபோவதைக் காட்டியது. மறுவருடம் மனிதரிலும் அதன் உறவுப் புரதம் கண்டறியப்பட்டது. டோலைப் போன்ற வாங்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ரி.எல்.ஆர். 1998 இல் புரூஸ் பொய்ட்லரின் குழு, பற்றீரியச் சுவரின் அகநச்சை எவ்வளவு ஊசியேற்றினாலும் அசையாத சி3எச்/எச்இஜே என்னும் எலிக் குலத்தில் ஏன் அப்படி என்று தேடிக்கொண்டுபோய், ரி.எல்.ஆர். 4 பரம்பரையலகில் ஒரேயொரு அமினோவமிலம் மாறியிருப்பதைக் கண்டது. புரதத்தின் 712 ஆவது இடத்தில் புரோலீனுக்குப் பதிலாக ஹிஸ்ரிடீன். அவ்வளவுதான். ஹொஃப்மனுக்கும் பொய்ட்லருக்கும் 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த சி3எச் குலம்தான் நம் விவாதத்தின் கண்ணிவெடி. கொழுப்புணவு கொடுத்தாலும் அதற்குப் படிவு எளிதில் வராது என்பது அதற்கு முன்பே தெரிந்த விடயம். "அகநச்சு வாங்கி பழுது, படிவும் இல்லை, ஆகவே இதனால்தான் அது" என்று சொல்லிவிட யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. ஆனால் 2000 ஆம் ஆண்டிலேயே ஒரு குழு அந்தப் பழுதை அபோ-ஈ எலிகளுக்குள் கலந்து பார்த்து, படிவில் மாற்றமில்லை என்று எழுதியிருந்தது. அதே கட்டுரையில் கிருமியே இல்லாத கூடுகளில் வளர்ந்த அபோ-ஈ எலிகளுக்கும் வழமைபோலப் படிவு வந்திருந்தது. நான்கு வருடம் கழித்து வேறு குழு, வேறு வகையில் வளர்த்த எலிகளில், மாற்றம் உண்டு என்றது. நேற்றிரவு 2004 ஐ மட்டும் எழுதிவிட்டு 2000 ஐ எழுதாமல் படுத்தது என் பிழை.

6 பெப்ரவரி, மாலை 5.30

"அடைப்பு என்பது குழாயில் ஊத்தை பிடிப்பதுதானே, அதற்குள் நிர்ப்பீடனத்துக்கு என்ன வேலை?" என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நான் வகுப்பில் பல வருடம் சொன்ன உவமையே இந்தக் கேள்விக்குக் காரணமாக இருக்கலாம். நம் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடிப்பதைக் காட்டி, நாடியும் இப்படித்தான் என்று படிப்பித்தேன். அந்த உவமை பிழை. கேத்திலில் சுண்ணாம்பு உலோகத்தின் மேல் படிகிறது. நாடியில் கொழுப்பு, குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணி என்னும் ஒற்றைக் கலப் படைக்குக் கீழே, சுவருக்குள் தேங்குகிறது.

கடலுக்கு அண்மையில் உள்ள பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளைப் பாருங்கள். சுவருக்குள் உப்பு ஊறி, சீமெந்துப் பூச்சு உட்புறமிருந்து பொருமி வரும். வெளியே வெள்ளையடித்தால் இரண்டு மாதம் அழகாக இருக்கும். விரலால் தட்டினால் பொள்ளென்று ஓசை கேட்கும். ஒருநாள் பூச்சு பெயர்ந்து விழும். நாடிப் படிவும் பொருமல்தான். சுவருக்குள் சிக்கிய எல்.டி.எல். துணிக்கைகள் உருமாற, அகவணிக் கலங்கள் ஒட்டும் புரதங்களை வெளியே நீட்ட, இரத்தத்தில் போகும் ஒருகருக் குழியங்கள் அவற்றில் ஒட்டி உள்ளே நுழைந்து பெருந்தின்குழியங்களாகி, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைக்கலங்களாகின்றன. மாரடைப்பு பெரும்பாலும் நிகழ்வது அந்தப் பொருமல் வெடித்து அதன்மேல் இரத்தம் உறையும்போது.

உவமையிலும் ஒரு குறை உண்டு. வீட்டுச் சுவர் உப்பை எதிர்த்துப் போராடுவதில்லை; நாடிச் சுவர் போராடுகிறது, அந்தப் போராட்டமே பொருமலின் பாதி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சுண்டெலியின் பொருமல் எளிதில் வெடிப்பதில்லை. எலியில் நாம் அளப்பது படிவின் பரப்பை. மனிதனைக் கொல்வது அதன் வெடிப்பு.

9 பெப்ரவரி, இரவு 8.15

திருத்தம். 3 ஆம் திகதிக் குறிப்பில் "இரத்தத்திலிருந்து வரும் தின்குழியங்களில் இருக்கும் வாங்கி" என்று மிகவும் உறுதியாக எழுதிவிட்டேன். நான் ஆய்வுகூடத்தை விட்டு வந்த காலத்தின் நம்பிக்கை அது. விடயம் அவ்வளவு நேராக இல்லை.

எந்தக் கலத்தில் உள்ள வாங்கி என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எலியின் என்பு மச்சையைக் கதிர்வீச்சினால் அழித்துவிட்டு, வேறோர் எலியின் மச்சையைச் செலுத்தினால், சில வாரங்களில் அதன் இரத்தக் கலங்கள் எல்லாம் புதிய எலியுடையவை. நாடிச் சுவர் மட்டும் பழைய எலியுடையது. 2005 இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில், எல்.டி.எல். வாங்கி இல்லாத எலிகளில் ரி.எல்.ஆர். 2 ஐ வைத்து இதைச் செய்தார்கள். உடல் முழுவதும் ரி.எல்.ஆர். 2 இல்லாவிட்டால் படிவு குறைந்தது. மச்சையில் மட்டும் இல்லாவிட்டால் குறையவில்லை. அதாவது, கொழுப்புணவு மட்டும் உண்ட எலியில் ரி.எல்.ஆர். 2 தன் வேலையைச் செய்தது வந்து குடியேறிய தின்குழியத்தில் அல்ல, சுவர் போன்ற, மச்சையிலிருந்து பிறக்காத கலங்களில்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. அதே எலிகளுக்கு, பற்றீரியக் கொழுப்புப் புரதத்தைப் போன்ற ஒரு செயற்கைப் பொருளை, அந்த வாங்கியைத் தூண்டுவதற்காக, வெளியிலிருந்து ஊசியேற்றினார்கள். படிவு பெருகியது. ஆனால் மச்சையில் ரி.எல்.ஆர். 2 இல்லாத எலிகளில் அந்தப் பெருக்கம் ஏற்படவில்லை. ஒரே வாங்கி. உள்ளிருந்து எழும் தூண்டலுக்குச் சுவரிலிருந்தும், வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு இரத்தக் கலத்திலிருந்தும் பதில் சொல்கிறது. "நிர்ப்பீடன வாங்கி படிவை உண்டாக்குகிறது" என்று செய்தித்தாள் எழுதும் ஒற்றை வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு கதைகள் ஒளிந்திருக்கின்றன.

பிறகு சி3எச் குலத்தைப் பார்த்தேன். அதன் மச்சையைப் படிவு எளிதில் வரும் குலத்துக்கும், அந்தக் குலத்தின் மச்சையைச் சி3எச்சுக்கும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதன் எதிர்ப்பும் மச்சையோடு இடம்மாறவில்லை, சுவரோடுதான் தங்கியிருந்தது. 2000 ஆம் ஆண்டு வேலை அது. நான் அதை வாசித்தும் இருக்கிறேன், ஓரத்தில் என் கையெழுத்தில் "முக்கியம்" என்று குறித்தும் இருக்கிறேன். மறந்துவிட்டேன்.

10 பெப்ரவரி, காலை 7.00

கேள்வி கேட்ட தம்பிக்கு: தகப்பனார் குளிசையை நிறுத்திவிட்டாரா என்பதை மட்டும் உடனே எழுதவும்.

12 பெப்ரவரி, இரவு 9.20

நிறுத்திப் பத்து நாளாகிறதாம். மகன் வாசித்துச் சொன்னதைக் கேட்டு அவராகவே நிறுத்தியிருக்கிறார். தம்பி, நாளைக்கே கிளினிக் கொப்பியோடு அவரை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். எலிகளைப் பற்றி நாம் ஆறுதலாகப் பேசலாம், அவை காத்திருக்கும்.

14 பெப்ரவரி, இரவு 11.30

எலி ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். படித்ததைச் சொல்வதைவிடப் பட்டதைச் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், வாங்கி நீக்கிய எலிகளின் பெருநாடி வேரை வெட்டி அளப்பது என் வேலை. சுண்டெலியின் இதயம் ஒரு பெரிய பயற்றங்கொட்டை அளவு இருக்கும். அதன் கீழ்ப்பாதியைச் சவர அலகால் வெட்டி எறிந்துவிட்டு, மேற்பாதியைக் கூழ் போன்ற திரவத்துக்குள் நிமிர்த்திவைத்து உறையவைப்போம். பிறகு பாகை சைபருக்குக் கீழே 20 இல் இருக்கும் வெட்டும் பொறியில் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குத் தடிப்பில் சீவிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பெருநாடியின் வாயிலில் உள்ள வால்வின் மூன்று இதழ்களும் ஒரே வட்டத்துக்குள் விரிந்து தெரியும். அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். வெட்டை வழுக்கி என்னும் கண்ணாடித் துண்டில் ஏற்றி, ஒயில் ரெட் ஓ என்னும் சாயத்தில் தோய்த்தால் கொழுப்பு பீற்றூட் நிறத்தில் எழுந்துவரும், கருக்கள் நீலமாக நிற்கும். சாயத்தைக் கழுவும் அற்ககோலில் சில வினாடி கூடவைத்துவிட்டால் கொழுப்பின் நிறமும் அதோடு போய்விடும். நிறத்தோடு ஒரு எலியின் நோயும் குறைந்துவிடும், தாளில்.

முதல் நான்கு வாரத்தில் அழகான வேறுபாடு கிடைத்தது. வாங்கி உள்ள எலிகளில் பெரிய சிவப்பு, இல்லாதவற்றில் சிறிய சிவப்பு. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுமளவுக்கு மகிழ்ச்சி. மேற்பார்வையாளர் என் வழுக்கிகளை ஒருநாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு ஒன்றேயொன்று கேட்டார்: "மூன்று இதழும் ஒரே வெட்டில் தெரிபவை எத்தனை?" வெண்டிக்காயை நேராக வெட்டினால் வட்டம், சரிவாக வெட்டினால் நீள்வட்டம், பரப்பு கூடிவிடும். என் இதயங்களில் கணிசமானவை கூழுக்குள் சரிந்து உறைந்திருந்தன. அத்தோடு எது எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டே எண்ணியிருக்கிறேன். சரிந்தவற்றை நீக்கிவிட்டு, வேறொருவர் வழுக்கிகளுக்கு மறைகுறி இட்டுக் கொடுக்க மீண்டும் அளந்தபோது வேறுபாடு பாதிக்கும் கீழே இறங்கியது, எஞ்சியதும் பெண் எலிகளில் மட்டும்.

அதன் பிறகுதான் கூடுகளின் கதை வந்தது. வாங்கி இல்லாத எலிகள் எங்கள் கட்டடத்திலேயே தலைமுறையாக வளர்ந்தவை. ஒப்பீட்டு எலிகள் வெளியிலிருந்து வாங்கியவை. குடலிலுள்ள பற்றீரியா கூட்டுக்குக் கூடு வேறுபடும், எலி எலியின் எச்சத்தைத் தின்பதால் ஒரே கூட்டிலுள்ளவை ஒன்றுபோலாகும். பற்றீரியாவை உணரும் ஒரு வாங்கியைப் பற்றிய ஆய்வில் இதைக் கவனிக்காமல் விட்டது, உப்பின் சுவையை ஆராய்பவர் எந்தத் தண்ணீரில் சமைத்தார் என்று கேட்காமல் விட்டதற்குச் சமம். ஒரே தாயின் ஒரே ஈற்றுக் குட்டிகளை, வாங்கி உள்ளதும் இல்லாததுமாக, ஒரே கூட்டில் வளர்த்து மறுபடி தொடங்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்த ஒரு வருடத்தின் முடிவு இன்றுவரை அச்சில் வரவில்லை. வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு வாசகர் குறைவு.

இதை எழுதும்போது ஒரு விடயம் உறைக்கிறது. அச்சில் வந்த ஆய்வுகளை மட்டும் எண்ணி "வாங்கி முக்கியம்" என்று நான் 3 ஆம் திகதி எழுதியபோது, அச்சில் வராத என்னுடையதையே நான் எண்ணவில்லை.

15 பெப்ரவரி, பகல் 1.10

"அப்படியானால் தேங்காயெண்ணெய்?" வந்துவிட்டது. வராமல் இருக்குமா, தேங்காய்ப்பூ இல்லாமல் பிட்டு அவியாத ஊரில்.

காரணமில்லாத கேள்வி அல்ல. அகநச்சின் வேர்ப்பகுதியில் நிரம்பிய கொழுப்பமிலச் சங்கிலிகள் உண்டு, அவற்றைத்தான் ரி.எல்.ஆர். 4 தொகுதி பிடிக்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக்கமிலம், அதுவும் நிரம்பியது. 2001 இல் ஒரு குழு, லோரிக்கமிலம் ரி.எல்.ஆர். 4 ஐ நேரடியாகத் தூண்டுகிறது என்று கலங்களில் காட்டியது. பிறகு 2009 இல் வேறொரு குழு, அந்தச் சோதனைகளில் கொழுப்பைக் கரைக்கப் பயன்படும் அல்புமின் புரதத்திலேயே அகநச்சு கலந்திருக்கலாம் என்று சுட்டி, சுத்தமான கொழுப்பமிலம் வாங்கியைத் தூண்டவில்லை என்றது. 2018 இல் இன்னொரு திருப்பம்: நிரம்பிய கொழுப்பு வாங்கியில் ஒட்டுவதில்லை, ஆனாலும் அது அழற்சியை உண்டாக்க வாங்கி ஏற்கெனவே கலத்தைத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

ஆகவே தேங்காயெண்ணெய் நேரே போய் அந்த வாங்கியின் கதவைத் தட்டுகிறது என்று சொல்ல முடியாது. அது எல்.டி.எல். கொலஸ்திரோலை உயர்த்துகிறது என்பது மனிதரிலேயே அளந்த விடயம்; அதற்கு எலியின் சாட்சியம் தேவையில்லை. அகநச்சின் ஒரு துளி ஒரு துறையையே பல வருடம் குழப்பியதை நினைக்க, எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்களை 250 பாகையில் சுட்டெடுக்கச் சொல்லித் தொல்லைப்படுத்திய தொழில்நுட்பவியலாளரை இப்போது மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

20 பெப்ரவரி, இரவு 9.50

மனிதனில் என்ன என்று தம்பி திரும்பவும் கேட்கிறார். தகப்பனார் குளிசையை மறுபடி தொடங்கிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே இப்போது நிதானமாகச் சொல்லலாம்.

ரி.எல்.ஆர். 4 இல் சிலருக்குப் பிறப்பிலேயே ஒரு சிறு மாற்றம் உண்டு. இத்தாலியின் புருனெக் என்னும் ஊரில் 810 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002 இல் வெளிவந்தது. மாற்றம் உள்ளவர்களுக்குக் கழுத்து நாடிப் படிவு குறைவாகவும், கடும் பற்றீரியத் தொற்று கூடுதலாகவும் இருந்தன. எலியும் மனிதனும் கைகுலுக்கிக்கொண்டதுபோல் அன்று தோன்றியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அந்தப் பாதுகாப்பை உறுதிசெய்யவில்லை.

வலுவான சாட்சியம் வேறொரு வாங்கியின் வழியாக வந்தது. என்.எல்.ஆர்.பி. 3 என்பது கலத்தின் வெளிச்சவ்வில் அல்ல, உள்ளேயே காத்திருக்கும் உணரி. 2010 இல் ஒரு குழு, தின்குழியம் விழுங்கிய கொலஸ்திரோல் பளிங்குகள் அதை முடுக்கி, இன்டர்லூக்கின்-1பீற்றா என்னும் அழற்சித் தூதை வெளியே அனுப்பவைப்பதைக் காட்டியது. வழமையான இழையத் தயாரிப்பில் அற்ககோல் அந்தப் பளிங்குகளைக் கரைத்துவிடும். வழுக்கியில் எஞ்சுவது ஊசி வடிவ வெற்றிடங்கள் மட்டுமே. நான் எத்தனையோ நூறு வெற்றிடங்களைப் பார்த்து "இங்கே ஒன்றும் இல்லை" என்று கடந்துபோயிருக்கிறேன். இந்த உணரியிலும் சண்டை உண்டு: 2010 ஆம் ஆண்டு வேலை எல்.டி.எல். வாங்கி இல்லாத எலியில் மச்சை மாற்றிச் செய்தது. அடுத்த வருடம் அபோ-ஈ எலியில் உணரியை நீக்கிய வேறு குழு மாற்றம் ஒன்றும் காணவில்லை.

ஆனாலும் அந்தத் தூதையே மனிதரில் தடுத்துப் பார்த்தார்கள். கான்ரோஸ் என்னும் பரீட்சை 2017 இல் முடிந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, இரத்தத்தில் அழற்சிக் குறியும் உயர்ந்திருந்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்குக் கனக்கினுமாப் என்னும் பிறபொருளெதிரியையும், மற்றவர்களுக்கு வெற்று ஊசியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். 150 மில்லிகிராம் பெற்றவர்களில் மாரடைப்பு, பாரிசவாதம், இருதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 வீதம் குறைந்தன, எல்.டி.எல். குறையவில்லை. தம்பியின் முதற்பாதி மனிதரிலும் உண்மை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் அந்த ஊசியோடு கொலஸ்திரோல் குளிசையையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஊசி பெற்றவர்களில் தொற்றினால் இறந்தோர் கூடுதல். மொத்த மரணத்தில் வேறுபாடு இல்லை.

மலிவான வழி கொல்ச்சிசின். 2019 இல், அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேரில், நாளுக்கு 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 வீதத்தினருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 7.1 வீதத்தினருக்கும் மீண்டும் இருதய, இரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது. 2024 இல் 7,000 பேருக்கு மேல் சேர்ந்த இன்னொரு பரீட்சையில் பயன் தெரியவில்லை. நம் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் கொல்ச்சிசின் உண்டு. அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும். இதை வாசித்துவிட்டு யாரும் மண்வெட்டி எடுக்க வேண்டாம். இந்த இழையில் ஒருவர் ஏற்கெனவே குளிசையை நிறுத்தியிருக்கிறார், ஆகவே சொல்கிறேன்.

22 பெப்ரவரி, காலை 6.30

ஒருவர் சுருக்கமாகக் கேட்கிறார்: "எல்லா வாங்கிகளையும் அடைத்துவிட்டால்?" அபோ-ஈ எலிகளில் ரி.எல்.ஆர். 3 ஐ நீக்கியபோதும், வேறோர் ஆய்வில் ரி.எல்.ஆர். 7 ஐ நீக்கியபோதும் படிவு மோசமாகியது. ஒரே குடும்பத்தில் தீ மூட்டுபவரும் உண்டு, தண்ணீர் ஊற்றுபவரும் உண்டு. எல்லோரையும் வீட்டைவிட்டுத் துரத்தினால் என்ன மிஞ்சும் என்பதை எலியிடம்கூடக் கேட்க விரும்பவில்லை.

2 மார்ச், இரவு 10.40

3 பெப்ரவரிக் குறிப்பில் "ரி.எல்.ஆர். 4 இல்லாத அபோ-ஈ எலிகளில் படிவு குறைந்தது" என்று எழுதியிருந்ததைத் திருத்த உட்கார்ந்தேன். திருத்தியது இது:

"அபோலிப்போபுரதம்-ஈ இல்லாததால் கொலஸ்திரோல் பல மடங்கு ஏறியிருந்த சுண்டெலிகளில், ரி.எல்.ஆர். 4 பரம்பரையலகை உடல் முழுவதும் நீக்கியபோது, கொலஸ்திரோல் மாறாமலேயே பெருநாடியில் அளந்த படிவின் பரப்பு 2004 ஆம் ஆண்டு வேலையில் குறைந்தது. அதே வாங்கியின் இயற்கைப் பழுதை வைத்து 2000 இல் செய்த வேலையில் குறையவில்லை. எந்தக் கலத்திலுள்ள வாங்கி, எது தூண்டியது, எந்தக் கூட்டில் வளர்ந்த எலி என்பவற்றைப் பொறுத்து விடை மாறக்கூடும்."

எந்தச் செய்தித்தாளும் இதற்குத் தலைப்பு வைக்காது. என் மனைவி வாசித்துவிட்டு, "மூச்சு முட்டுது" என்றார். வைத்துக்கொள்கிறேன்.

தம்பி, தகப்பனாரின் புதிய எல்.டி.எல். அளவு கிளினிக்கில் வந்ததும் எழுதுங்கள். பத்து நாள் நிறுத்தியதில் எவ்வளவு ஏறியிருந்தது என்பது கொப்பியில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.